தொண்ணூற்றொன்பதோடு நின்ற கை

ரியோசாகு ஓனிஷி அன்று காலை அலமாரியைத் திறந்து, கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையை எடுத்து மாட்டியபோதே அவர் மனைவி சயோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரத்தம் கொடுக்கப் போகிற மனுஷன் வெள்ளைச் சட்டையா போடுவான்? அதுவும் தகாமட்சு ஊரார் துணியில் படுகிற கறையையெல்லாம் நாற்பது வருஷமாக எடுத்துக் கொடுக்கும் சலவைக்கடைக்காரர்!

"கறை பட்டா என்ன பண்ணுவீங்க?"

"பச்சத்தண்ணி இருக்கு, தேய்க்க நீ இருக்கே. வெந்நீர்ல போட்டாத்தான் ரத்தம் துணியப் பிடிச்சுக்கும். இது கூடவா உனக்குச் சொல்லணும்?" என்று கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார்.

சட்டைக்குக் காரணம் இருந்தது. இது நூறாவது முறை. வருஷத்துக்கு மூன்று தடவைக்கு மேல் விடமாட்டார்கள். அந்த மூன்றையும் அநேகமாகத் தவறவிடாமல் முப்பத்தாறு வருஷமாகக் கொடுத்து, தொண்ணூற்றொன்பது வரை வந்துவிட்டார். கடைக்கு லீவு விட ஆயிரம் தடவை யோசிக்கிற ஆள், இதற்கு மட்டும் ஒரு பேச்சு பேசாமல் ஷட்டரை இறக்குவார். ஏன் இப்படி என்று கேட்டால், "உனக்கு யாரோ கொடுத்தாங்கல்ல" என்பார். அத்தோடு சரி. மகள் மதோகா பிறந்த அன்று சயோவுக்கு ரத்தம் நிற்காமல் போய், முகம் தெரியாதவர்களின் ரத்தத்தில்தான் அவள் பிழைத்தாள். அது ஊருக்கே தெரிந்த கதை. அதனால் அவளும் மேற்கொண்டு கேட்டதில்லை.

ரத்ததான அறை கடைவீதிக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில். ரியோசாகு லிப்டில் ஏறமாட்டார். அன்றும் படியில்தான் ஏறினார். ஆனால் இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்று, குனிந்து, ஷூ நாடாவைச் சரி செய்தார். அவர் போட்டிருந்த ஷூவில் நாடாவே கிடையாது. சயோ அதைப் பார்த்தாள். பார்க்காத மாதிரி சுவரில் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் படித்தாள்.

உள்ளே எல்லோரும் காத்திருந்தார்கள். பன்னிரண்டு வருஷமாக அவர் கையில் ஊசி ஏற்றுகிற நர்ஸ் ஹமாகவா, ஜன்னல் ஓரச் சாய்வு நாற்காலியில் வண்ணக் காகிதத்தில் '100' என்று வெட்டி ஒட்டியிருந்தாள். சயோ தன் வழக்கமான இடத்தில், சூப் இயந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கூட வருகிறவர்களுக்கும் அங்கே சூப் இலவசம். அவள் கொடுக்க முடியாது. ஒரு தடவை ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் பிறகு எப்போதும் கொடுக்கக் கூடாது என்பது இந்த நாட்டில் விதி. அதனால் முப்பத்தாறு வருஷமாக அவர் கொடுப்பார், அவள் சோள சூப் குடிப்பாள். நல்ல ஏற்பாடு என்று இருவருமே நினைத்தார்கள்.

ஹமாகவா விரல் நுனியில் ஒரு குத்துக் குத்தி ஒரு சொட்டு எடுத்தாள். இயந்திரத்தைப் பார்த்தாள். அடுத்த விரலில் குத்தினாள். மறுபடி பார்த்தாள்.

"ஐயா, ஹீமோகுளோபின் பத்து புள்ளி எட்டு காட்டுது. ஆம்பளைங்களுக்குப் பதிமூணாவது இருந்தாத்தான் எடுப்போம். போன தடவை பதிமூணரை இருந்துச்சே."

"இயந்திரம் கெட்டுப்போச்சு போல."

"இதுக்கு முன்னாடி வந்த பையனுக்குப் பதினஞ்சு காட்டுச்சு ஐயா."

"அப்ப அவனோடதையும் சேர்த்துக் கூட்டி ரெண்டால வகுத்துக்கோங்க."

அவர் சொன்னதற்கு யாரும் சிரிக்கவில்லை. ரியோசாகு எழுந்து, '100' ஒட்டிய நாற்காலியை ஒருமுறை பார்த்தார். "அத எடுத்துடாதீங்க, நான் வருவேன்" என்று சொல்லிவிட்டுச் சட்டைக் கையை இறக்கினார்.

வாசலில் ஹமாகவா சயோவின் கையைப் பிடித்து நிறுத்தினாள். "அம்மா, பொம்பளைங்களுக்குக் குறைஞ்சா நூறு காரணம் சொல்லலாம். அறுபத்திநாலு வயசு ஆம்பளைக்கு இப்படிச் சட்டுனு குறைஞ்சா, உள்ள எங்கேயோ ஒழுகுதான்னுதான் முதல்ல பார்க்கணும். உள்ள டாக்டரும் அவர்கிட்ட இதத்தான் சொன்னாரு. அவரு உங்ககிட்ட சொல்லமாட்டாரு. அதனால நான் சொல்றேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

போனாரா? அதுதான் இல்லை. நாலு வேளையும் உடோன் நூடுல்ஸே சாப்பிட்டதுதான் குற்றம் என்று தாமாகவே தீர்ப்பு எழுதிவிட்டார். அடுத்த ஒரு மாதம் வீட்டில் கல்லீரல் திருவிழா. கல்லீரலும் பூண்டுத்தாளும் வதக்கல், கல்லீரல் கறி, கிளிஞ்சல் சூப், கறுப்புக் கடற்பாசி. தட்டில் கல்லீரலைக் கண்டால் மூக்கைச் சுளிக்கிற ஆள், மருந்து விழுங்குவது போலக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். சயோ ஆஸ்பத்திரிப் பேச்சை எடுத்தால், "நூறு முடியட்டும், எங்க வேணா வர்றேன்" என்பார். அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. நூறு முறை கொடுத்தவருக்குக் கண்ணாடிக் கிண்ணம் ஒன்று பரிசாகத் தருவார்கள். அந்தக் கிண்ணத்துக்குத்தான் மனுஷன் இப்படித் தவிக்கிறார் என்று நினைத்தாள். ஏற்கெனவே பத்துக்கு ஒன்று, ஐம்பதுக்கு ஒன்று வாங்கி வைத்திருக்கிறார். இரண்டிலும் இப்போது பட்டன்தான் இருக்கிறது.

மார்ச் மாதத்தில் ஒரு நாள், ஈரப் படுக்கை விரிப்புக் கூடையைத் தூக்கப்போனவர் தூக்க முடியாமல் அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். மூச்சு இரைத்தது. சயோ அவர் விரல்களைத் திருப்பிப் பார்த்தாள். நகம் புதுச் சட்டைக் காலர் மாதிரி வெளுத்திருந்தது. அவள் போய் ஷட்டரை இறக்கினாள். டாக்ஸிக்குப் போன் செய்தாள். நாற்பது வருஷ வாழ்க்கையில் அவர் மறுபேச்சுப் பேசாமல் அவள் பின்னால் வந்தது அன்றுதான்.

ஆஸ்பத்திரியில் மூன்று நாள் குழாய் விட்டும் படம் எடுத்தும் பார்த்தார்கள். டாக்டர் கிதானி சின்ன வயசுப் பெண், ஆனால் சுற்றி வளைத்துப் பேசுகிற வழக்கம் இல்லாதவள். படத்தைத் திருப்பிக் காட்டினாள்.

"பெருங்குடல்ல கட்டி. புற்றுதான். வேற எங்கயும் பரவல, அதனால பயப்படாதீங்க. வெட்டி எடுத்துடலாம். பல மாசமா இதுலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா ரத்தம் கசிஞ்சிருக்கு. உங்களுக்கே தெரியாது. ரத்தம் கொடுக்கப் போனீங்களே, அங்க திருப்பி அனுப்பினதாலதான் இப்பவாவது தெரிஞ்சுது."

"எப்ப ஆப்பரேஷன்?" என்றார் ரியோசாகு.

"அடுத்த வாரம். ஆனா அதுக்கு முன்னாடி ரத்தம் ஏத்தணும். இப்ப ஏழுதான் இருக்கு. சிவப்பணுதான் நுரையீரல்லேர்ந்து காத்தை எடுத்துட்டுப் போய் உடம்பு பூரா கொடுக்குது. வீடு வீடா சாமான் கொண்டுபோற ஆளுங்க மாதிரின்னு வச்சுக்கோங்க. உங்க உடம்புல இப்ப பாதி ஆள் இல்ல. இருக்கறவங்களே ரெண்டு நடையா ஓடறாங்க. அதான் உங்க இதயம் இப்படி அடிச்சுக்குது. இந்த நிலைமையில கத்தி வைக்க முடியாது."

"ஆப்பரேஷன் பண்ணுங்க. ரத்தம் வேண்டாம்."

"ஐயா?"

"இரும்புச்சத்து ஊசி ஏதோ போடுவாங்களாமே, அதைப் போடுங்க."

"அது வேலை செஞ்சு புது ரத்தம் ஊற வாரக்கணக்குல ஆகும். கட்டி காத்திருக்காது. பாதியில அடைச்சுக்கிச்சுன்னா உயிருக்கே ஆபத்து."

ரியோசாகு கொஞ்ச நேரம் போர்வையைத் தடவிக்கொண்டிருந்தார். "டாக்டரம்மா, ஒண்ணு கேட்கிறேன். இப்ப ஏத்திக்கிட்டேன்னா, குணமானப்புறம் நான் மறுபடி ரத்தம் கொடுக்க முடியுமா?"

"முடியாது. வாங்கினவங்க கொடுக்கக் கூடாது. உங்களுக்குத்தான் தெரியுமே."

"தெரியும். ஏத்தாம குணமானா?"

"அஞ்சு வருஷம் கட்டி திரும்ப வராம இருந்தா... கொடுக்கலாம்."

"அப்ப வேண்டாம்."

சம்மதக் கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டு, "நாளன்னைக்குள்ள யோசிச்சுச் சொல்லுங்க" என்று டாக்டர் போய்விட்டாள். கதவு மூடியதுதான் தாமதம், சயோ பிடித்துக்கொண்டாள்.

"ஒரு கண்ணாடிக் கிண்ணத்துக்கா உயிர விடப் போறீங்க? கடையில போய் நூறு கிண்ணம் வாங்கித் தர்றேன். வரிசையா வச்சு அழகு பாருங்க!"

"கிண்ணம் இல்ல."

"பின்ன என்ன? பேப்பர்ல போட்டோ வருமா?"

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இந்த மனுஷன் சுவர்ப்பக்கம் திரும்பினால் அதற்கு மேல் ஒன்றும் வராது. சயோ நடைபாதைக்குப் போய் மகளுக்குப் போன் செய்தாள். குரல் உடைந்துவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள். உடைந்துதான் போனது.

மதோகா ஒகயாமாவில் பல் செட்டு செய்கிற பட்டறையில் வேலை பார்க்கிறாள். மறுநாள் மத்தியானம் கடல் பாலத்தைத் தாண்டி ரயிலில் வந்து இறங்கினாள். அப்பாவின் பிடிவாதம் அப்படியே அவளுக்கும் வந்திருந்தது. ஆனால் அவள் சுவர்ப்பக்கம் திரும்புகிற ரகம் இல்லை. நாற்காலியை இழுத்து, அவருக்கும் சுவருக்கும் நடுவிலேயே போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"இப்ப எந்தப் பக்கம் திரும்புவீங்க? அந்தப் பக்கம் அம்மா, இந்தப் பக்கம் நான். சொல்லுங்கப்பா."

அவர் கூரையைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. கடைசியில் கூரையிடமே சொல்ல ஆரம்பித்தார்.

"நீ பொறந்த அன்னைக்கு டாக்டர் வெளிய வந்தாரு. அவரு முகத்த நான் பார்க்கல. செருப்பத்தான் பார்த்தேன். வெள்ளைச் செருப்பு. அன்னைக்கு அது வெள்ளையா இல்ல. துணியில எத்தனையோ பார்த்திருக்கேன், அவ்வளவு பார்த்ததில்ல. ஆன மட்டும் பார்க்கிறோம்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாரு. எனக்குக் கொன்பிரா கோயிலுக்கு ஓடணும்னு இருந்துச்சு. பெரிய கஷ்டம்னா நூறு தடவை நடந்து கும்பிடுவாங்கல்ல, அது மாதிரி. ஆனா உங்கம்மாவ விட்டுட்டு எப்படிப் போறது? ஆஸ்பத்திரி முத்தத்துல நின்னு, அந்தக் கோயில் மலை இருக்கற திசையைப் பார்த்துக் கையெடுத்தேன். நடந்தா மட்டும் போதாதுன்னு தோணுச்சு. ரத்தத்துக்கு ரத்தம்தான் சரின்னு பட்டுது. நூறு தடவை என் ரத்தத்தைக் கொடுக்கறேன், இவள விட்டுடுன்னு சொல்லிட்டேன்."

மதோகா நாற்காலியை இன்னும் அருகே இழுத்துக்கொண்டாள்.

"கொஞ்ச நேரத்துல ரத்தம் வந்துச்சு, வண்டியில, சைரன் ஊதிக்கிட்டே. இவளும் பொழைச்சா." அவர் குரல் இறங்கிப்போனது. "தொண்ணூத்தொன்பதுல நிறுத்தி, இனிமே ஜென்மத்துக்கும் கொடுக்க முடியாதபடி நானே பண்ணிக்கிட்டேன்னா, விட்டுடுன்னு கேட்டு வாங்குனத அந்தச் சாமி திருப்பிக் கேட்கமாட்டாரா?"

சயோவுக்கு அழுகையும் கோபமும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. எதை முதலில் விடுவது என்று தெரியவில்லை. கிண்ணத்துக்கு ஆசைப்படுகிறார் என்று ஒரு மாதமாகத் திட்டிக்கொண்டிருந்தாளே! இந்த மனுஷன் வருஷத்துக்கு மூன்று தடவை அவளைத்தான் மீட்டுக்கொண்டு வந்திருக்கிறார், அவளோ பக்கத்தில் உட்கார்ந்து சூப் குடித்திருக்கிறாள்.

"முப்பத்தாறு வருஷமா இத ஏன் என்கிட்ட சொல்லல?"

"நேர்ந்துக்கிட்டத வெளிய சொன்னா பலிக்காது. நூறு நடையும் யார் கண்ணுலயும் படாமத்தான் நடக்கணும். உனக்குத் தெரியாதா?"

"நான்தான் ஒவ்வொரு தடவையும் கூடவே வந்தேனே!"

"நீ ரத்ததானத்துக்குத்தானே வந்தே. நேர்த்திக்கு வரலையே."

மதோகாதான் மூக்கைத் துடைத்துக்கொண்டு பேசினாள். "சரிப்பா. முன்னாடியெல்லாம் கொன்பிராவுக்குப் போக முடியாதவங்க என்ன பண்ணாங்க? வீட்டு நாய் கழுத்துல ஒரு பையைக் கட்டி அனுப்பிவிட்டாங்க. வழியில போறவங்க அதுக்குச் சோறு போட்டு, கூட்டிட்டுப் போய், படியேறி கும்பிட வச்சுத் திருப்பி அனுப்பினாங்க. எஜமானுக்குப் பதிலா நாய் வந்தாலே போதும்னு ஏத்துக்கிட்ட சாமி. நூறாவது தடவைய நான் கொடுக்கறேன். நான் நாயை விட மட்டமா?"

"நீ ஊசிய டீவியில பார்த்தாலே மயங்கி விழற பொண்ணு."

"விழறேன். படுத்துக்கிட்டுத்தானே கொடுக்கணும்?"

"என் ரத்தம்னுல்ல சொல்லியிருக்கேன்," என்றார் ரியோசாகு பிடிவாதமாக.

மறுநாள் காலை தாயும் மகளும் ரத்ததான அறைக்குப் போனார்கள். ஜன்னல் ஓர நாற்காலியில் '100' இன்னும் ஒட்டியிருந்தது. ஓனிஷி ஐயா சொன்ன சொல்லுக்காக அதை எடுக்கவில்லை என்றாள் ஹமாகவா. நடந்ததையெல்லாம் கேட்டவள், நேர்த்தியைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், மதோகாவை அதே நாற்காலியில் படுக்க வைத்தாள். சயோவுக்கு ஒரு முக்காலி போட்டாள். மதோகாவின் முகம் ஏற்கெனவே பச்சை நிறமாக இருந்தது.

"ஏதாவது பேசிக்கிட்டே இருங்க அக்கா. அந்தப் பக்கம் பார்க்கமாட்டேன்."

"என்ன பேச?"

"எதையாவது. எவ்வளவு எடுப்பீங்க?"

"நானூறு மில்லி. உங்க உடம்புல நாலு லிட்டர் சொச்சம் இருக்கு, பத்துல ஒரு பங்கு கூட இல்ல. இதுல பாதிக்கு மேல தண்ணிதான், மஞ்சளா இருக்கும். அது ரெண்டு நாள்ல ஊறிடும். சிவப்பணு ஊறத்தான் நாலஞ்சு வாரமாகும். குத்தியாச்சு."

"எப்ப?"

"தண்ணின்னு சொல்லும்போது."

மதோகா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். சயோ அவளுடைய மற்றக் கையைப் பிடித்துக்கொண்டாள். குழாய் வழியாகப் போகிற ரத்தத்தைப் பார்த்தபோது அவளுக்குப் பழைய எண்ணம் ஒன்று வந்தது. தனக்குள் ஓடுகிற அந்த முகம் தெரியாதவர்கள். இந்தப் பக்கத்தில் நாட்டோவை, அந்த நூல் விடுகிற புளித்த சோயாவை, யாரும் அவ்வளவாகத் தொடமாட்டார்கள். அவளும் தொட்டதில்லை. பிரசவத்துக்குப் பிறகுதான் திடீரென்று அதன் மேல் ஆசை வந்தது. அதை விரும்பித் தின்கிற கிழக்குப் பக்கத்து ஆள் யாரோ ரத்தம் கொடுத்திருக்கிறான் என்று வீட்டில் கேலி செய்வார்கள். அவளும் அதைப் பாதி நம்பியிருந்தாள். நாட்டோ டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் அந்த ஆளுக்கும் சேர்த்துச் சாப்பிடுவதாக நினைத்துக்கொள்வாள்.

"ஹமாகவா, எனக்கு அன்னைக்கு ஏத்துனது இன்னும் உள்ள ஓடுதா?" என்று கேட்டாள்.

"எதும்மா?"

"அந்த ஜனங்களோட ரத்தம்."

ஹமாகவா சிரிக்கப்போனவள், சயோவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "அதெல்லாம் எப்பவோ போயிடுச்சும்மா. சிவப்பணுவுக்கு ஆயுசு நூத்தியிருபது நாள்தான், நம்மளோடதானாலும் சரி, அடுத்தவங்களோடதானாலும் சரி. தேய்ஞ்சு போனதும் மண்ணீரல், கல்லீரல்லாம் சேர்ந்து உடைச்சுடும். அதுல இருக்கற இரும்ப மட்டும் எடுத்து வச்சுக்கிட்டு, எலும்புக்குள்ள இருக்கற மஜ்ஜை புதுசு பண்ணும். நொடிக்கு இருபது லட்சம்னு சொல்வாங்க. நான் இதைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள உங்க உடம்பு எத்தனை கோடி பண்ணிடுச்சோ."

"நாலு மாசமா? அவ்வளவுதானா?"

"நாலு மாசம்தான். மதோகா எப்ப பொறந்தது?"

"ஜூன்."

"அப்ப அந்த வருஷம் அக்டோபரோட அவங்க கடைசி ஆளும் போயிட்டாங்க. அதுக்கப்புறம் நீங்களேதான்."

சயோவுக்கு முதலில் வருத்தமாகத்தான் இருந்தது. முப்பத்தாறு வருஷமாகத் தன்னோடு குடியிருப்பதாக நினைத்தவர்கள், குழந்தை குப்புற விழக் கற்றுக்கொண்ட நாளிலேயே சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டிருக்கிறார்கள். அப்படியானால் நாட்டோ தின்றதெல்லாம் அவளேதான். குற்றம் சொல்ல ஆள் இல்லை. பிறகு மெல்ல விரலை மடக்கி எண்ணினாள். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர். எண்ணி முடித்ததும் விரலை விரிக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

மதோகா கொடுத்து முடிக்கும் வரை மயங்கவில்லை. வெற்றிச் சிரிப்போடு எழுந்து, சூப் இயந்திரம் வரை நடந்து, பட்டனை அழுத்திவிட்டு, அதன் மேலேயே சாய்ந்து சரிந்தாள். ஹமாகவா ஓடிவந்து காலைத் தூக்கிப் பிடித்தாள். கண் விழித்ததும் மதோகா கேட்ட முதல் கேள்வி: "மயங்கினா செல்லாதுன்னு ஏதாவது இருக்கா?"

"கொடுத்தது கொடுத்ததுதான்," என்றாள் ஹமாகவா.

ஆஸ்பத்திரிக்கு அவர்கள் வந்தபோது ரியோசாகு உட்கார்ந்தே தூங்கிக்கொண்டிருந்தார். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று தலையணையை உயர்த்தி வைத்திருந்தார்கள். சம்மதக் கடிதம் வைத்த இடத்திலேயே இருந்தது. கண்ணைத் திறந்தவர் மகளின் முழங்கை மடிப்பில் சுற்றியிருந்த கட்டைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மயங்கினியா?"

"இல்லப்பா."

"தொப்புனு விழுந்தா," என்றாள் சயோ.

அவர் அந்தக் கையை இரண்டு கையாலும் வாங்கி, கட்டின் மேல் விரல் படாமல் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தார். "வலிச்சிருக்கும்" என்றார். கண்ணில் நீர் நிறைந்துவிட்டது. ஆனால் கடிதத்தின் பக்கம் கை போகவில்லை. "நீ கொடுத்தது பெரிய விஷயம்மா. ஆனா நான் என் வாயால சொன்னது வேற. எனக்கு என்ன ஆனாலும் பரவாயில்ல. உங்கம்மாவ வச்சு நான் சூதாட முடியாது" என்றார்.

சயோ மகளை நகரச் சொல்லிவிட்டு, படுக்கை ஓரத்தில் அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். கடையில் கறையைக் காட்டிப் பேசுகிற வாடிக்கையாளரிடம் பேசுவது போல நிதானமாகப் பேசினாள்.

"நான் சொல்றத குறுக்க பேசாமக் கேளுங்க. அன்னைக்கு எனக்கு வந்த ரத்தத்துக்கு ஆயுசு எவ்வளவு தெரியுமா? நாலு மாசம். ஹமாகவாவ வேணா கேளுங்க. தொண்ணூத்தொன்பது தடவை போனீங்களே, ஒரு தடவையாவது இதக் கேட்டீங்களா?"

"நாலு மாசமா?"

"குறுக்க பேசாதீங்கன்னேன். நீங்க கையெடுத்துக் கேட்டீங்க, அவரு கொடுத்தாரு. இல்லேங்கல. நாலு மாசம் கொடுத்தாரு. அந்த அக்டோபர்லயே அத்தனையும் திரும்பிப் போயிடுச்சு. அதுல ஒரு சொட்டு கூட இப்ப என்கிட்ட கிடையாது. திருப்பிக் கேட்க அவருக்கு இங்க ஒண்ணுமில்ல."

ரியோசாகு மேஜை மேல் இருந்த கடிதத்தைப் பார்த்தார்.

"அதுக்கப்புறம் இந்த முப்பத்தாறு வருஷமும் உங்களோட இருந்தது நான். என் எலும்புக்குள்ள நானே ஊற வச்ச ரத்தத்துல இருந்தேன். உங்க குறட்டையப் பொறுத்துக்கிட்டது, உங்ககூடச் சண்டை போட்டது, இந்தப் பிடிவாதத்தோட குப்பை கொட்டினது எல்லாம் நான். எந்தச் சாமியும் வாங்கிக் கொடுத்ததில்ல. நானா இருந்தேன். இருக்கணும்னு இருந்தேன். புரியுதா?"

கடைசி வார்த்தையில் அவள் நிதானம் போய்விட்டது. அழுதாள். மதோகா ஜன்னல் பக்கம் திரும்பி, திறந்தே இருந்த திரையைத் திறக்க ஆரம்பித்தாள்.

ரியோசாகு கேட்டார், "அப்ப நான் தொண்ணூத்தொன்பது தடவை போனது?"

"அங்கங்க யார் யாருக்கோ நாலு மாசம் கிடைச்சிருக்கும். அதுக்குள்ள அவங்களே ஊற வச்சுக்கிட்டிருப்பாங்க. இப்ப உங்களுக்கு யாரோ கொடுக்கறாங்க. வாங்கிக்கோங்க."

அவர் மூக்கை உறிஞ்சினார். வெளுத்த விரலால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மகளிடம் பேனாவைக் கேட்டார். கடிதத்தை முழங்கால் மேல் வைத்து, கடை ரசீதில் போடுகிற அதே கோணல் எழுத்தில் தன் பெயரை எழுதினார். எழுதி முடித்தும் பேனாவைக் கீழே வைக்கவில்லை. முதல் தடவை கடலில் குளிக்க வந்த சின்னப்பிள்ளை மாதிரி மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

"நாலு மாசம் போதுமா, சயோ?"

"எனக்குப் போதுமா இருந்துச்சு," என்றாள் அவள்.